நூறு நாளில் பழக்கிய மஸ்டாங்கை ஏலத்தில் எடுக்கலாமா?

பூங்கொடி (டெக்சஸ்):

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது ஃபோர்ட் வொர்த்துக்கு வெளியே. வீட்டோடு சேர்ந்து கொஞ்சம் மேய்ச்சல் நிலம் இருக்கிறது. மகள் சின்ன வயதிலிருந்தே குதிரையேற்றம் பழகுகிறாள், இப்போது பதிமூன்று வயது. மஸ்டாங் எனும் அமெரிக்கக் காட்டுக்குதிரைகளைப் பழக்கிக் காட்டும் மஸ்டாங் மேக்ஓவர் போட்டியைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் மனிதக் கை படாத காட்டுக்குதிரை, அன்றைக்குப் பாட்டும் விளக்கும் கைதட்டலும் நிறைந்த அரங்கத்தில் தலையில் ஒரு கயிறுகூட இல்லாமல் ஓடுகிறது, சொன்ன இடத்தில் நிற்கிறது, படுக்கச் சொன்னால் படுக்கிறது. எல்லாம் முடிந்ததும் அதே குதிரைகளைப் பொதுமக்களுக்கு ஏலம் விடுகிறார்கள். ஒரு குதிரையின் விலை நாங்கள் நினைத்ததைவிட எங்கேயோ போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "பழக்காத குதிரையை அரசாங்கத்திடமே 125 டாலருக்கு எடுக்கலாமே" என்றார்.

கேட்க நினைப்பது இதுதான். போட்டியில் பழக்கிய குதிரையை எடுப்பதா, பழகாததை எடுத்து ஆள் வைத்துப் பழக்குவதா? அரங்கத்தில் பார்த்த குதிரை வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே இருக்குமா? குதிரை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

மலைச்சாரல் (கொலராடோ):

பூங்கொடி, இங்கே ஒரு பயிற்சியாளரின் பண்ணையில் சில வருடம் கூடமாட வேலை பார்த்திருக்கிறேன். இந்தப் போட்டிக்குக் குதிரை பழக்கியவர் அவர். அதனால் அரங்கத்தில் நீங்கள் பார்க்காத பகுதியைச் சொல்கிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மேற்கு மாநிலங்களின் பொது நிலத்தில் திரியும் குதிரைகள் அமெரிக்க உள்துறைக்குக் கீழ் இருக்கும் நில நிர்வாக அமைப்பின் பொறுப்பு. எல்லோரும் பி.எல்.எம். என்றே சொல்வார்கள். 1971-ல் வந்த சட்டப்படி தனியார் யாரும் இவற்றைப் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. எண்ணிக்கை கூடினால் பி.எல்.எம். பிடித்துப் பட்டிகளில் அடைத்துத் தத்துக் கொடுக்கும். ஆனால் எடுக்கத்தான் ஆள் வருவதில்லை. கை படாத குதிரையை எந்தப் பக்கம் நெருங்குவது என்றே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. இதற்கு வழி செய்யத்தான் மஸ்டாங் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் 2007-ல் உங்கள் ஃபோர்ட் வொர்த்திலேயே முதல் போட்டியை நடத்தியது. எந்தக் குதிரை வேண்டும் என்று பயிற்சியாளர் தேர்ந்தெடுக்க முடியாது, ஒதுக்கியதை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கையில் ஏறக்குறைய நூறு நாள். பிறகு போட்டி, அதன் பிறகு ஏலம்.

முதல் நாள் குதிரை டிரெய்லரிலிருந்து இறங்கி ரவுண்ட் பென்னுக்குள் போகும். ஐம்பது அறுபது அடி விட்டமுள்ள வட்டப் பட்டி. மூலை கிடையாது என்பதால் ஒண்டிக்கொள்ள இடமில்லை. தலையைத் தூக்கிக்கொண்டு, உடம்பு முழுக்க விறைத்துப்போய், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி நிற்கும். நம் ஆள் நடுவிலிருந்து ஓர் அடி எடுத்து வைப்பார். குதிரையின் ஒரு காது அவர் பக்கம் திரும்பும். அந்த நொடியே அவர் பின்வாங்கிவிடுவார். திரும்ப ஓர் அடி, காது திரும்பியதும் பின்வாங்கல். பார்க்கிறவர்களுக்குச் சலிப்புத் தட்டும். ஆனால் முழு வித்தையும் அதில்தான் இருக்கிறது. நெருக்கும்போது குதிரை எதையும் கற்பதில்லை. நெருக்குவதை எந்த நொடியில் விட்டோமோ அந்த நொடியில் தான் செய்துகொண்டிருந்ததுதான் சரி என்று எடுத்துக்கொள்கிறது. அரை விநாடி தாமதித்தால் வேறு எதையோ கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

தொடும் நேரம் வந்தால் முதலில் கையை நீட்ட மாட்டார். நீளமான மூங்கில் கழிதான் போகும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் கழியின் நுனியால் மெதுவாகத் தேய்ப்பார். மந்தையில் இரண்டு குதிரைகள் எதிரெதிரே நின்று பல்லால் ஒன்றையொன்று சொறிந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடம் இது. குதிரையின் மேலுதடு லேசாக நீண்டு துடிக்கத் தொடங்கும். கை கழியின் வழியாக ஒவ்வொரு சாணாக முன்னால் நகரும். ஒரு கட்டத்தில் கழி கீழே போய்விடும், உள்ளங்கை ரோமத்தில் இருக்கும். சரி, முடிந்தது என்று வலப்பக்கம் போனால் குதிரை எகிறி ஓடும்! இடப்பக்கம் பழகியதை வலப்பக்கம் பெரும்பாலும் புதிதாகவே எடுத்துக்கொள்ளும். அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்புறம் முகக்கயிறு போடுவது, கூட நடத்துவது, கால் தூக்கிக் குளம்பு சுத்தம் செய்வது, டிரெய்லரில் ஏற்றுவது. சேணத்தை முதுகில் வைப்பதைவிட அதன் வாரை மார்புக்கடியில் இறுக்குவதுதான் ஆபத்தான கட்டம். பூமா எனும் மலைச்சிங்கம் பாய்ந்து கட்டிப்பிடித்த மாதிரி அதற்குத் தோன்றும். எவ்வளவு பழகிய குதிரையும் அங்கே ஒரு தடவை துள்ளிப் பார்க்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: அப்படியே இருக்காது. அந்த நூறு நாளும் அது ஒரே ஆளின் குரலையும் நடையையும் கேட்டு வளர்ந்திருக்கிறது, தினமும் வேலை செய்திருக்கிறது. உங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் ஏறினால், அதுவும் வேறு ஆள் ஏறினால், அதற்கு அது புது உலகம். அதற்காக எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏலத்துக்கு முன்னால் பயிற்சியாளரிடம் போய், "நான் பட்டிக்குள் போய் முகக்கயிறு மாட்டிப் பார்க்கலாமா? மகள் நான்கு காலையும் தூக்கிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அரங்கத்து வித்தையைவிட இந்தப் பதில்தான் உங்களுக்கு முக்கியம்.

நெடுவழி (நெவாடா):

சாரல் அண்ணா சொன்னது எல்லாம் சரி. பயிற்சியாளர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் குதிரை டிரெய்லருக்கு வருவதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நான் இருக்கும் மாநிலத்தில்தான் நாட்டின் காட்டுக்குதிரைகளில் பாதிக்கு மேல் இருக்கின்றன. ஹெலிகாப்டர் தாழப் பறந்து மந்தையை மைல்கணக்கில் விரட்டும். சணல் துணி கட்டிய இரண்டு வேலிகள் புனல் மாதிரி குறுகிக்கொண்டே போய்ப் பொறியில் முடியும். வாயிலுக்குப் பக்கத்தில் பழக்கிய குதிரை ஒன்றை அவிழ்த்துவிடுவார்கள். அது நேராகப் பொறிக்குள் ஓடும், பின்னால் மந்தை ஓடும். அங்கே ஆண், பெண், குட்டி என்று பிரிப்பார்கள். வருடக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்த குடும்பம் சில மணி நேரத்தில் கலைந்துவிடும். தாய்க்குதிரையும் குட்டியும் வேலிக்கு இரு பக்கமும் நின்று கனைப்பதை ஒருமுறை கேட்டால் போதும்.

1950-ல் ரீனோ பக்கத்தில் வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண் அலுவலகம் போகும் வழியில், முன்னால் போன வண்டியிலிருந்து ரத்தம் ஒழுகுவதைப் பார்த்துப் பின்தொடர்ந்தார். வண்டிக்குள் இறைச்சிக்காகப் பிடித்த காட்டுக்குதிரைகள். அதிலிருந்து தொடங்கியது அவருடைய போராட்டம். பள்ளிப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். விமானமும் மோட்டார் வண்டியும் வைத்துக் காட்டுக்குதிரையை வேட்டையாடக் கூடாது என்று 1959-ல் சட்டம் வந்தது. 1971 சட்டத்துக்கும் அவர்தான் முக்கியக் காரணம். ஆனால் 1976-ல் இன்னொரு சட்டத்தின் வழியாக அரசுக்கு மட்டும் ஹெலிகாப்டரைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கு அரசுப் பட்டிகளிலும் ஒப்பந்த மேய்ச்சல் நிலங்களிலும் 60,000-க்கு மேல் குதிரைகளும் கழுதைகளும் இருக்கின்றன. போட்டியில் ஒரு பருவத்தில் எத்தனை குதிரை பழக்கிவிட முடியும்? பத்துக் குதிரை இறுதிச் சுற்றில் ஆடும்போது பட்டியில் இருக்கும் பல்லாயிரம் குதிரைகளை யாரும் நினைப்பதில்லை. என் வருத்தம் அதுதான்.

தீவகத்தான் (யாழ்ப்பாணம்):

குதிரை பற்றிய இழை என்றதும் வந்து வாசித்தேன். எங்கள் நெடுந்தீவிலும் காட்டுக்குதிரைகள் உண்டு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை. தென்புற வெளியில் கூட்டமாக நிற்பதைப் பார்க்க வடிவாக இருக்கும். இவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. யாரும் பிடித்துப் போட்டிக்குப் பழக்குவதில்லை. ஆனால் வறட்சி வந்தால் தண்ணீர் இல்லாமல் அவை செத்துப்போகின்றன, அதுதான் எங்கள் ஊர்ப் பிரச்சினை.

அமெரிக்காவில் இவ்வளவு நிலம் இருக்கிறதே, அங்கே ஏன் அவற்றை விட்டுவிட முடியாது? உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

மலைச்சாரல் (கொலராடோ):

தீவகத்தான், நீங்கள் சொன்ன தண்ணீர்தான் இங்கேயும் விஷயம். நிலம் பெரிது, ஆனால் பாதிப் பாலைவனம். நெவாடாவில் ஒரு ஊற்றுக்கும் அடுத்த ஊற்றுக்கும் இடையே பல மைல். மலைச்சிங்கம் சில இடங்களில் குட்டிகளை அடிக்கிறது, மற்றபடி வளர்ந்த குதிரைக்குப் பெரிய எதிரி இல்லை. வாய்ப்பான வருடங்களில் மந்தை ஐந்தில் ஒரு பங்கு கூடும், அதாவது நான்கைந்து வருடத்தில் இரட்டிப்பு. 1971-ல் குதிரையும் கழுதையுமாகச் சுமார் 25,000 என்று கணக்கிட்டார்கள். நிலம் தாங்கும் என்று பி.எல்.எம். வைத்திருக்கும் அளவும் ஏறக்குறைய அதேதான். 2020-ல் 95,000 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பெரிய அளவில் பிடித்ததால் 2024-ல் 73,500 பக்கம் வந்தது. குதிரைக்கு மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டிலும் முன்பற்கள் உண்டு. மாடு மாதிரி நாக்கால் சுருட்டி இழுக்காது, அடியோடு நறுக்கிவிடும். வறண்ட மண்ணில் அந்தப் புல் திரும்ப வர வருடக்கணக்காகும்.

நெடுவழி (நெவாடா):

புல்லைப் பற்றிப் பேசினால் மாட்டையும் பேசுங்கள் அண்ணா. அதே பொது நிலத்தில் தனியார் மாடுகள் குதிரைகளைவிட எத்தனையோ மடங்கு மேய்கின்றன. ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய அரசு வாங்கிய கட்டணம் 2019 முதல் 2025 வரை 1.35 டாலர்தான். "நிலம் தாங்கும் அளவு" என்பதில் குதிரைக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு என்று பிரித்தது இயற்கை இல்லை, மனிதர்கள் எடுத்த முடிவு.

பிடிக்காமலே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வழி இருக்கிறது. பன்றியின் கருமுட்டை உறையிலிருந்து எடுக்கும் பி.இசட்.பி. என்ற கருத்தடை ஊசியைப் பெண் குதிரைக்கு ஊசித் துப்பாக்கியால் போட்டால் ஒரு வருடம் சினை பிடிக்காது. மொன்டானா எல்லையில் பிரையர் மலையில் தன்னார்வலர்கள் ஒவ்வொரு குதிரையையும் பெயர் சொல்லி அடையாளம் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி இடத்தில் இது நன்றாக வேலை செய்கிறது. மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பட்டியில் அடைத்துத் தீனி போடவே போகிறது. அதில் கொஞ்சத்தை இதற்குத் திருப்பினால் என்ன?

மலைச்சாரல் (கொலராடோ):

மாட்டுக் கணக்கில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஊசியிலும்தான். ஆனால் பிரையரில் சில நூறு குதிரைகூட இல்லை, கிட்டப்போய்ச் சுட முடியும். நெவாடாவின் பெரிய பள்ளத்தாக்குகளில் மனிதனைக் கண்டாலே ஒரு மைல் ஓடும் மந்தைக்கு வருடா வருடம் ஊசி போடுவது அவ்வளவு எளிதில்லை. எப்படியும், ஏற்கெனவே பட்டியில் இருக்கும் அறுபதாயிரத்தைத் திரும்ப வெளியே விடப்போவதில்லை. அவற்றுக்கு வீடு வேண்டும். பழக்கிய குதிரைக்குத்தான் வீடு கிடைக்கும். நான் இந்த வேலையை நம்புவது அதனால்தான்.

டாக்டர் கயல் (கலிஃபோர்னியா):

பண்ணை விலங்கு மருத்துவர் என்ற முறையில் பூங்கொடியின் கேள்விக்குத் திரும்புகிறேன்.

நூறு நாள் என்ற கெடுவில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. குதிரையின் எலும்புகள் ஒரே நேரத்தில் முதிர்வதில்லை. காலின் கீழ்முனை எலும்புகள் முதலில், முதுகெலும்பு கடைசியில். முதுகின் வளர்ச்சித் தட்டுகள் மூட ஐந்து ஆறு வயது ஆகிவிடும். மூன்று வயதுக் குதிரையை நூறு நாளில் ஏறி ஓட்டி, சட்டென்று நிறுத்தி, சுழலவைத்து விளையாட்டுக் காட்டுவது அந்த முதுகுக்கு அதிகம். நல்ல பயிற்சியாளர்கள் இளம் குதிரையாக அமைந்தால் ஏறும் நேரத்தைக் குறைத்துத் தரையில் நின்றே அதிகம் பழக்குவார்கள். ஏலத்தில் இரண்டு குதிரை பிடித்திருந்தால் வயதில் மூத்ததைப் பாருங்கள்.

போட்டியின் விதியில் எனக்குப் பிடித்தது ஒன்றும் உண்டு. முதல் கட்டத்திலேயே குதிரையின் உடல்நிலைக்கும் கையாளுதலுக்கும் மதிப்பெண். கால் தூக்கக் கொடுக்கிறதா, டிரெய்லரில் அமைதியாக ஏறுகிறதா, எலும்பு தெரியாமல் தசை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வித்தையும் பாட்டும் முதல் பத்து இடம் பிடித்தவர்களுக்கு மட்டும், கடைசி இரவில். மகளோடு போகும்போது பகல் சுற்றுகளையும் பாருங்கள். குதிரையின் உண்மையான குணம் அங்கே தெரியும்.

இன்னொன்று, டெக்சஸில் இருப்பதால் சொல்கிறேன். மஸ்டாங்கின் வயிறு வறண்ட புல்லுக்குப் பழகியது. கொஞ்சத்தில் உடம்பு போடும். உங்கள் பச்சை மேய்ச்சல் நிலத்தில் வசந்தகாலத்தில் அவிழ்த்துவிட்டால், இனிப்பான இளம்புல் தின்று குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்க முடியாமல் போகலாம். நன்றாகக் காய்ந்த வைக்கோல் போன்ற புல், எப்போதும் சுத்தமான தண்ணீர், உப்புக்கட்டி. தானியம் பெரும்பாலும் தேவையே இல்லை. கேரட்டும் ஆப்பிளும் கொடுத்து நட்பாக்கலாம் என்று மகள் நினைப்பாள். முதலில் அது என்னவென்றே அதற்குத் தெரியாது, முகர்ந்துவிட்டுப் போய்விடும். இவற்றின் குளம்பு மட்டும் பெரும்பாலும் கல் மாதிரி. லாடமே இல்லாமல் வருடக்கணக்கில் ஓடும் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன்.

நெடுவழி (நெவாடா):

கயல் அக்கா, 2022-ல் கொலராடோவின் கேன்யன் சிட்டி பட்டியில் குதிரைக் காய்ச்சல் பரவி 140-க்கு மேற்பட்டவை செத்ததே, அதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

டாக்டர் கயல் (கலிஃபோர்னியா):

இன்ஃப்ளூயன்சா. தடுப்பூசி முழுமையாகப் போடாத குதிரைகளை நெருக்கமாக அடைத்தால் அது பரவத்தான் செய்யும். என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: பட்டி என்பது தற்காலிக இடமாக இருக்க வேண்டும். வருடக்கணக்கில் அங்கேயே வைப்பது மருத்துவ ரீதியில் தவறு. கருத்தடை ஊசியும் போட வேண்டும், தத்துப் போகும் எண்ணிக்கையும் கூட வேண்டும். இரண்டில் ஒன்று என்று சண்டை போட நமக்கு நேரமில்லை.

தேன்மொழி (ஒரிகன்):

நான் போட்டிக் குதிரை எடுத்தவள். பூங்கொடிக்கு நேரடியாக உதவும் என்று எழுதுகிறேன்.

எங்களுடையது ஒரிகன் கைகர் மந்தையில் வந்த ஆண் குதிரை, காயடித்தது. மணல் நிறம், முதுகெலும்பு நெடுக ஒரு கறுப்புக் கோடு, முன்னங்கால்களில் வரிக்குதிரை மாதிரி மெல்லிய வரிகள். அரங்கத்தில் குடை விரித்தாலும் தார்ப்பாய் இழுத்தாலும் அசையாமல் நின்றது. வீட்டுக்கு வந்த முதல் வாரம் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பார்த்து மூக்கைச் சீறிக்கொண்டு பட்டியின் அந்த மூலைக்குப் போய் நின்றது. தார்ப்பாய்க்குப் பயப்படாது, வாளிக்குப் பயம். ஏனென்றால் தார்ப்பாயை யாரோ பொறுமையாகக் காட்டியிருக்கிறார்கள், அந்த நிற வாளியை யாரும் காட்டவில்லை.

பயிற்சியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "ஏற வேண்டாம். முதல் நாள் நான் என்ன செய்தேனோ அதைச் சுருக்கமாக நீங்கள் ஒருமுறை செய்யுங்கள். பட்டிக்குள் போய் நில்லுங்கள், அது உங்களைப் பார்த்ததும் வெளியே வந்துவிடுங்கள்" என்றார். அப்படியே செய்தோம். சில வாரத்தில் அது வேலியோரம் வந்து எங்களுக்காக நிற்க ஆரம்பித்தது. பழக்கிய குதிரைக்கும் பழகாத குதிரைக்கும் உள்ள வித்தியாசத்தை அப்போதுதான் புரிந்துகொண்டேன். பழகாத குதிரையிடம் ஒரு வருடம் கேட்கும் நம்பிக்கையை இது சில வாரத்தில் கொடுத்தது. ஆனால் என்னிடமும் கேட்டுத்தான் கொடுத்தது.

அதனால் ஏலத்தில் எடுக்கும்போது பயிற்சியாளரின் எண்ணையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் குதிரையை அவரிடமே சில வாரம் விட்டு, மகளை அங்கே அனுப்பிப் பழகவிடுங்கள். அதற்கு ஆகும் பணத்தை ஏலத்தில் கூட்டிக் கேட்பதற்குப் பதிலாக ஒதுக்கி வையுங்கள்.

ஏலத்தில் ஒன்று கவனியுங்கள். பயிற்சியாளரே தன் குதிரைக்கு விலை கேட்பார். மூன்று மாதம் அதோடு வாழ்ந்தவர், பிரிய மனம் வராது. அவரோடு போட்டி போட்டு விலையை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. முதலில் பிடித்திருந்த குதிரையை அப்படித்தான் விட்டேன்.

பூங்கொடி (டெக்சஸ்):

எல்லோருக்கும் நன்றி. தேன்மொழி, வாளி கதையை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்கிறாள்: சிறுவர் பிரிவில் பிள்ளைகளே குதிரை பழக்குகிறார்களே, நான் சேரலாமா என்று. இது எப்படி?

125 டாலர் குதிரையைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். இப்போதும் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார்களா? எங்கோ படித்த ஞாபகம்.

நெடுவழி (நெவாடா):

பணம் கொடுத்தார்கள். 2019-ல் தொடங்கினார்கள், பழக்காத குதிரையை எடுப்பவருக்கு 1,000 டாலர். நோக்கம் தீனிச் செலவுக்கு உதவுவது. தத்து எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஆனால் ஒரே முகவரியில் உறவினர்கள் பேரில் ஆளுக்கு நான்கு என்று எடுத்து, ஒரு வருடம் வைத்திருந்து, உரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும் இறைச்சி வியாபாரிகள் வரும் சந்தைக்கு ஓட்டிவிட்டவர்கள் இருந்தார்கள். 2021-ல் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக வெளியிட்டது. 2025-ல் கொலராடோ கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது.

ஏல மேடையில் விலை எகிறுவதைப் பார்த்துப் பயந்தீர்கள் அல்லவா பூங்கொடி? இந்த ஒரு விஷயத்தில் போட்டியின் பக்கம் நான் நிற்கிறேன். சொந்தக் காசு ஆயிரக்கணக்கில் போட்டு எடுத்தவர் அதைச் சந்தைக்கு ஓட்டமாட்டார். காசு வாங்கிக்கொண்டு எடுத்தவர் ஓட்டினார்.

மலைச்சாரல் (கொலராடோ):

சிறுவர் பிரிவு பற்றி. ஏறி ஓட்டுவது கிடையாது. ஒரு வயது, இரண்டு வயதுக் குட்டியைக் கொடுப்பார்கள், பிள்ளைகள் தரையில் நின்று கயிற்றைப் பிடித்துப் பழக்க வேண்டும். கூட நடத்துவது, தடைகளைத் தாண்டவைப்பது, கால் தூக்குவது, டிரெய்லரில் ஏற்றுவது. உங்கள் மகளின் வயது பொருந்தும். ஆனால் பக்கத்தில் கை படாத குதிரையைக் கையாண்டு பழகிய பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஏறத் தெரிவது வேறு, இது வேறு. குட்டி சின்னது என்று நினைக்க வேண்டாம், உதைத்தால் எலும்பு முறியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சிறைகளில் கைதிகள் மஸ்டாங் பழக்குகிறார்கள். உதாரணத்துக்கு நெவாடாவில் கார்சன் சிட்டி. கார்சன் சிட்டியில் ஒரு ஏலத்தைப் பார்த்தேன். குதிரையை ஓட்டிக்கொண்டு வந்த கைதி, வாங்கிய பெண்மணியிடம் போய், "இதற்கு வலக்காதுக்குப் பின்னால் சொறிந்தால் பிடிக்கும், வயிற்றின் இடப்பக்கம் தொட்டால் இன்னும் கூச்சம்" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே மேடை வித்தை இல்லை, நிதானமாகப் பழக்குவார்கள். எல்லைக் காவல் படையே அங்கிருந்து குதிரை எடுக்கிறது. தூரம்தான் உங்களுக்குத் தடை. ஆனால் நல்ல குதிரைக்காக ஒரு தடவை டிரெய்லர் ஓட்டலாம்.

பூங்கொடி (டெக்சஸ்):

இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து பேசினோம். இந்த வருடம் ஏலம் வேண்டாம் என்று முடிவு. மகள் முதலில் பக்கத்தில் மஸ்டாங் பழக்கும் ஒரு பண்ணையில் வார இறுதிகளில் போய் வேலை செய்யட்டும். பிறகு பழக்கிய குதிரை, வயது ஆறுக்கு மேல், பயிற்சியாளரிடம் சில வாரம் பழகிய பிறகே வீட்டுக்கு. அவர் சம்மதித்தால் சிறுவர் பிரிவு அடுத்தது.

அதற்குள் வேலியைத் தயார் செய்ய வேண்டும். இப்போது இருப்பது நான்கரை அடி, கீழே ஒரு பக்கம் முள்கம்பி. போதுமா?

தேன்மொழி (ஒரிகன்):

போதாது. முள்கம்பியை முழுக்க எடுத்துவிடுங்கள், பி.எல்.எம். அதை ஏற்பதே இல்லை. பழகாத பெரிய குதிரைக்கு ஆறடி உயரம் வேண்டும், ஒன்றரை வயதுக்குக் கீழ் இருந்தால் ஐந்தடி. நான்கரை அடி கழுதைக்குத்தான். பட்டியின் பரப்பு ஒரு குதிரைக்குக் குறைந்தது 400 சதுர அடி, அதோடு வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு கொட்டகை. போட்டிக் குதிரை பழகியதுதான், ஆனாலும் ஆறடிப் பட்டி ஒன்று கட்டாயம் போடுங்கள். புது இடத்தில் பயந்தால் பழகியதும் தாவும்.

டிரெய்லரில் பின்கதவு பக்கவாட்டில் திறப்பதாக இருக்கட்டும். கீழே சாய்த்து இறக்கும் பலகைக் கதவு உள்ள டிரெய்லரில் பழகாத குதிரையை ஏற்றிவிட மாட்டார்கள். கழுத்தின் இடப்பக்கம் பிடரி மயிருக்குக் கீழே வெள்ளை ரோமத்தில் கோணக் கோணமாகக் குறி இருக்கும். திரவ நைட்ரஜனில் குளிரவைத்த இரும்பால் இட்டது, அதில் பிறந்த வருடமும் பதிவு எண்ணும் உண்டு. பத்திரத்தில் இருக்கும் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். மகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுங்கள், விரும்பிச் செய்வாள். முதல் ஒரு வருடம் சட்டப்படி குதிரை அரசாங்கத்துடையது, விற்கவோ கைமாற்றவோ முடியாது. வருடம் முடிந்ததும் கால்நடை மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினால் உங்கள் பெயருக்கு உரிமைப் பத்திரம் வரும்.

டாக்டர் கயல் (கலிஃபோர்னியா):

கொட்டகைத் தரை மண்ணாகவே இருக்கட்டும் பூங்கொடி, சிமென்ட் போட்டுவிடாதீர்கள். தண்ணீர்த் தொட்டியைப் பட்டியின் மூலையில் வைக்காமல் வேலியின் நடுப்பகுதியில் வையுங்கள். இரண்டாவது குதிரை வரும் நாளில் ஒன்று மற்றதை மூலையில் மடக்கித் தண்ணீர் குடிக்க விடாமல் செய்யும்.